திட்டுக் கடிதங்கள்

"வெர்னா, அந்த டோலஃப்சன் கிழவர் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு. போட்டிருக்கிற கோட்டைக் கழட்டி வெளியில வெச்சுட்டு வாங்கன்னா, குளிருதுங்கிறாரு," என்றான் நூலகக் காவலாளி லாயிட்.

அமெரிக்காவின் டுலூத் நகர நூலகத்தில் ஆவணப் பிரிவுக்கு வெர்னாதான் பொறுப்பு. கிழவர் மூன்று நாளாகக் கேட்டு வாங்குவது ஒரே ஃபைலைத்தான். மறைந்த நாவலாசிரியர் எம்மெட் செயில்ஸ் தன் நண்பர்களின் வீட்டு ரகசியங்களை எல்லாம் நாவலில் போட்டு நாறடித்தபோது, அவர்கள் அவரைத் திட்டி எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. ஏலக்காரர்கள் கண் வைத்திருக்கும் சரக்கு.

மாலையில் கிழவர் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலைப் பார்த்து விரைந்தார்.

"ஒரு நிமிஷம் சார். காலையில நாப்பத்தொண்ணு குடுத்தேன். எண்ணிடறேன்."

"எண்ணணுமா?" கிழவரின் முகம் வெளுத்தது.

வெர்னா எண்ணினாள். நம்பமுடியாமல் மறுபடியும் எண்ணினாள்.

நாற்பத்திரண்டு இருந்தது.

கடைசிக் கடிதத்தில் மை புதிதாக மின்னியது.

'எம்மெட், நம்ம கூட்டத்துல அத்தனை பேரையும் நாவல்ல இழுத்து விட்டே. எல்லாரும் உன்னைத் திட்டி எழுதினாங்க. நான் மட்டும் ஒரு வரிகூட எழுதாம உன்கூடப் பேச்சை நிறுத்திட்டேன். காரணம் தெரியாமலே நீ போய்ச் சேர்ந்துட்டே. படுபாவி, என்னை மட்டும் ஏண்டா அந்த நாவல்ல சேர்க்கலை?'

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுக்கு இப்ப இதுதானேம்மா அட்ரஸ்?" என்றார் கிழவர்.

வெர்னா பென்சிலை எடுத்தாள். ஃபைலின் மேலிருந்த 41-ஐ அழித்துவிட்டு, 42 என்று எழுதினாள்.