நாற்பது தேங்காய்

ஒன்பது ஆண்டுகளாக ஒரே சுற்றுலாப் பேருந்துக் குழுவுடன் தனியாகவே சென்று வந்த கணவர் தெய்வசிகாமணியின் மீது குமுதவல்லிக்கு நெடுநாள் சந்தேகம். பத்தாம் முறை பிடிவாதமாகத் தானும் புறப்பட்டாள். எல்லோருக்கும் முன்னதாக அவருடன் ஏறி அமர்ந்து, உள்ளே வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் மரியாதை குறையாமல் ஆராய்ந்தாள். எவர் முகத்திலும் குற்றவுணர்வு தெரியவில்லை. மாறாக, அனைவரும் அவளுடைய கால்களையே பார்த்தனர்.

"வந்துட்டீங்களாம்மா!" என்று லோகாம்பாள் என்னும் மூத்த பயணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பக்கவாதத்துல ஒரு கால் விளங்கலைன்னு சார் கோயிலுக்குக் கோயில் அழுவாரு. உங்களுக்காக வருஷா வருஷம் நாங்க நாற்பது பேரும் தேங்காய் உடைக்கிறோம்."

"அந்த அழுகைக்குத்தானே சாருக்கு எப்பவும் முன் சீட்டு!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

நாள்தோறும் மூன்று மாடி ஏறித் துணி உலர்த்தும் குமுதவல்லி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சன்னலுக்கு வெளியே ஒரு வெற்றுச் சுவரை மிகுந்த கவனத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கோயில் வந்தது. நாற்பது பேரும் இறங்கி, கைகூப்பியவாறு பேருந்தின் படியைச் சூழ்ந்து நின்றனர். கீழிருந்து தெய்வசிகாமணி கையை நீட்டினார். அவள் அதை இறுகப் பற்றி, குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி வினவினாள்:

"எந்தக் கால்னு சொல்லி வெச்சிருக்கீங்க?"