மூடிய கோப்பு

லோகேஸ்வரன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ரூபினி கண்களை மூடிக்கொண்டாள்.

சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான மாசாயில், மீரா சாகிபு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வந்து, தின்று, கைகழுவிப் போய்விட்டது. இவர்கள் மூவர் மட்டும் காலையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

மேசைக்கடியில் இரண்டு அட்டைப்பெட்டிகள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மடிக்கணினிகள். நாளைக்கு அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாகப் பிரேமலா வாக்குக் கொடுத்துவிட்டாள். எல்லாம் அவளிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள். பள்ளியிறுதி எஸ்.பி.எம். சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம் போட்டாகிவிட்டது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மூவரும் சேர்ந்து இந்தக் குழுவையே தொடங்கினார்கள்.

வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை.

அதற்கு ஒரு சின்னக் கோப்பு வேண்டும். ஃபர்ம்வேர். வைஃபை சிப்பைச் செய்த நிறுவனம் தருவது. இணையத்திலிருந்து இறக்கிப் போட்டால் போதும், வைஃபை வந்துவிடும். ஆனால் அதை எழுதிய மூலநிரலை நிறுவனம் யாருக்கும் காட்டுவதில்லை.

போடலாமா, கூடாதா? காலையிலிருந்து இதே பாட்டு.

லோகேஸ்வரன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். அங்கே மணியடித்தால் நிறுத்திவிடுவார். இங்கே மணியடிக்க ஆளில்லை.

நாமே திறக்க முடியாத ஒன்றை நம் பெயரில் பிள்ளைகள் கையில் கொடுப்பது அவர்களை ஏமாற்றுவது என்றார். அந்தக் கோப்பு கேமராவை இயக்கும், படம் பிடிக்கும், எங்கோ அனுப்பிவைக்கும் என்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புதுக் குற்றத்தை அதன் தலையில் கட்டினார்.

அப்படியெல்லாம் செய்யாது என்று ரூபினிக்கு வாய் வரை வந்தது. ஆறிப்போன தே ஓ என்ற பாலில்லாத் தேநீரோடு சேர்த்து விழுங்கினாள்.

அவரிடம் ஒரு மாற்றுவழியும் இருந்தது. யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை குச்சி. அதன் ஃபர்ம்வேரை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எப்படியும் ஒரு மாதம் ஆகும்.

ஒரு மாதத்தில் சோதனையே முடிந்துவிடும் என்றாள் பிரேமலா. கணினியை எழுப்புகிற பயாஸ்கூட மூடிய சரக்குதான், அதைத் தொடாமல் இந்தக் கோப்பை மட்டும் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும் என்று கேட்டாள். அதற்கு அவர் ஒரு நீண்ட பதில் வைத்திருந்தார். அதைக் காலையிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"அண்ணே, புள்ளைங்களுக்கு நெட்டு வேணும்லா. உங்க கொள்கைய வச்சி அதுங்க பாடம் படிக்க முடியாது."

கடைசியில் பிரேமலாதான் ஓட்டுப் போட்டு முடித்துக்கொள்ளலாம் என்றாள்.

ஆளுக்கு ஒரு பக்கம் ஓட்டு. இருவரும் ரூபினியைப் பார்த்தார்கள்.

ரூபினிக்குச் சிங்கப்பூரில் கணினி வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறவள். மடிக்கணினிகளைக் கழற்றிச் சுத்தம் செய்ததும் அவள்தான். அதன்பிறகு அவள் வாயைத் திறக்கவேயில்லை. தங்கள் சண்டையைக் கேட்டு அலுத்துவிட்டாள் என்று இருவருமே நினைத்தார்கள்.

அவள் ஓட்டு எந்தப் பக்கம் என்பதில் பிரேமலாவுக்குச் சந்தேகமே இல்லை. நாளைக் காலை வந்துவிடுங்கள் என்று பெற்றோர்களுக்குக் கைப்பேசியில் தட்டத் தொடங்கியிருந்தாள்.

"வேணாம்," என்றாள் ரூபினி. "குச்சியே வரட்டும்."

பிரேமலாவின் விரல் அப்படியே நின்றது.

"ஏன்னு மட்டும் சொல்லு."

"சொல்ல முடியாது, பிரேமா."

பிரேமலா தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பெட்டிகள் மேசைக்கடியிலேயே கிடந்தன.

சொல்ல முடியாதுதான். அலுவலக விஷயத்தை வெளியில் சொன்னால் வேலையும் போகும், வழக்கும் வரும் என்று ஒப்புக்கொண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

காலையில் முதல் மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றியபோதே சிப்பை அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய நிறுவனத்தின் சிப். லோகேஸ்வரன் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த அந்தக் கோப்பை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

அது கேமராவைத் தொடாது. எங்கேயும் எதையும் அனுப்பாது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கிற ஒருவன் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் கணினிக்குள் நுழைந்துவிடலாம். அந்தப் பிள்ளைகள் இருக்கிற அடுக்குமாடியில் எந்தச் சுவருக்கும் அந்தப்பக்கம் இன்னொரு வீடு.

ஓட்டையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். பழைய சிப், இப்போது விற்பனையில் இல்லை, இதற்கு நேரம் ஒதுக்க முடியாது என்றார். திரும்பக் கேட்டபோது அவளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்.

மூலநிரல் திறந்து கிடந்திருந்தால் இதே மேசையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் அதை அடைத்திருப்பாள்.

லோகேஸ்வரன் ரொட்டி சானாய் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். முகமெல்லாம் வெற்றி.

"காலையிலேர்ந்து நான் சொன்னது இப்பதான் உனக்குப் புரிஞ்சிருக்கு," என்றவர், ஃபர்ம்வேர் என்றால் என்னவென்று அவளுக்குப் பொறுமையாக விளக்கத் தொடங்கினார்.