முகட்டில் ஒரு ‘ஏங்க’

“ஏங்க!”

காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று எண்ணுவதை நான் விட்டிருந்தேன். தண்ணீர் வேண்டுமென்றால் ஓர் ‘ஏங்க’. அட்டை கடித்தால் ஓர் ‘ஏங்க’. ஒன்றுமே இல்லாமலும் ஓர் ‘ஏங்க’.

மலாயாக் காட்டின் தஹான் மலையில் அது எங்களுக்கு ஆறாம் நாள்.

பாதை முகட்டின் மேலேயே போனது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக் கடைகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையின் அகலம்கூட இல்லை. இரு பக்கமும் பள்ளம், பள்ளம் தெரியாதபடி மேகம்.

மலாய் வழிகாட்டி எங்கோ முன்னால் போய்விட்டார். அடுத்தது தனசேகரன், துறைமுகத்தில் கிளார்க். அவன் பின்னால் நான். எனக்குப் பின்னால் அவன் மனைவி சிவகாமி. கடைசியில் வடிவேலு.

அவர்கள் மூவரும் மலையேற்றத்துக்காக ஊரில் புக்கித் தீமா குன்றில் அரிசி மூட்டை சுமந்து ஒரு வருடம் பழகியவர்கள். நான் போன மாதம்தான் சேர்ந்தேன். பெண்ணை எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

என் பையில் தொங்கிய இரண்டு எனாமல் குவளைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. மேகத்தில் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம்தான் வழி. ஒற்றை ஆளுக்கு இரண்டு எதற்கு என்று வடிவேலு முதல் நாளே கேட்டான். ஒன்று உடைந்தால் என்றேன். எனாமல் எங்கேயாவது உடையுமா என்று சிரித்தான்.

“ஏங்க! நில்லுங்க!”

இந்த முறை குரல் வேறாக இருந்தது. நான் நின்றேன். பின்னால் வடிவேலுவும் நின்றான்.

திரும்பிப் பார்த்தேன். சிவகாமி என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகம் ஓரிடத்தில் விலகியிருந்தது. பாதை அங்கே வலப்பக்கம் திரும்பியது. தனசேகரன் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தது பெரணிச் செடிகள் மட்டும். அவற்றுக்குக் கீழே தரை இல்லை.

அவன் காதில் அவள் குரல் விழாமல் இல்லை. வருகிறேன், வருகிறேன் என்பதுபோல் பின்னால் பாராமலே கையை ஆட்டினான். இன்னும் இரண்டு அடி நடந்தான்.

 

“தனசேகரன்!”

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல வெறும் பெயர். பன்னிரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் வாயிலிருந்து வராத பெயர்.

அவன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். யார் கூப்பிட்டது என்று திரும்பினான்.

அவன் மறுகாலடியிலிருந்து ஒரு கல் நழுவிச் செடிகளுக்குள் போனது. அது விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

நான் ஓடிப்போய் அவன் பையைப் பிடித்து இழுத்தேன். பாதைக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேரைச் சொல்லிட்டேன், பேரைச் சொல்லிட்டேன் என்று அதையே சொன்னாள்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றான் அவன்.

“ஏங்க, சும்மா இருங்க.”

மறுபடியும் என் தலை தானாகத் திரும்பியது. வடிவேலு அதைப் பார்த்துவிட்டான்.

“நானும்தான் நின்னேன் அண்ணே. என் வீட்டுக்காரி சிங்கப்பூர்ல இருக்கான்றது அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு லா. உங்க வீட்டுக்காரங்க எங்க இருக்காங்க?”

நான் இரண்டாவது குவளையை அவிழ்த்து, பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றி சிவகாமியிடம் நீட்டினேன். இரண்டு வருடமாக அதில் யாரும் குடித்ததில்லை.

எங்கள் ரேஸ் கோர்ஸ் ரோட்டு வீட்டின் சமையலறையிலிருந்து என் மனைவி கடைசியாக ‘ஏங்க’ என்று கூப்பிட்டபோது, நானும் இப்படித்தான் கையை ஆட்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனேன்.