நசுங்காத எலுமிச்சம்பழம்

தொழிற்சாலையின் புதிய பந்தயக் கார் சோதனைகள் முடிந்து முதல் ஓட்டத்துக்குத் தயாராக நின்றது. சூடம் காட்டி, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

முன்சக்கரத்துப் பழம் பிரேக்கை அண்ணாந்து பார்த்தது. "ஏண்ணே, நல்ல நாளும் அதுவுமா முகம் வாடிக் கிடக்கு?"

"எனக்குக் காத்து வர ஒரு துளை இருந்துச்சுப்பா. அழகைக் கெடுக்குதுன்னு அடைச்சுட்டாங்க. ரெண்டு தடவை அழுத்தி மிதிச்சாலே சூடேறி, பிடிக்க மாட்டேன்."

"சோதிச்சுப் பார்க்கலையா?"

"பார்த்தாங்க. அன்னிக்கு நல்ல மழை. ஜில்லுன்னு பிடிச்சேன். பாஸ் போட்டுட்டாங்க."

இன்ஜின் உறுமியது. "நிறுத்தவா ஒருத்தன் இந்தக் காரை வாங்குவான்?"

"விடுங்கண்ணே, நான் இருக்கேன்ல!" என்றது பழம்.

கார் சீறிக் கிளம்பியது. மற்ற மூன்று பழங்களும் நசுங்கின; இது மட்டும் வழுக்கிச் சுவரோரம் உருண்டது.

மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. கார் பழைய டயர்க் குவியலில் போய்ச் சொருகியது. ஓட்டியவர் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கினார்.

பொறியாளர்கள் ஓடி வந்து ஒரு மணி நேரம் காரையே சுற்றினார்கள். கடைசியில், கிளம்பிய இடத்துக்கே திரும்பிப் போன தலைமைப் பொறியாளர், சுவரோரம் கிடந்த முழுப் பழத்தைக் கையில் எடுத்தார்.

"அதானே பார்த்தேன்!"

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: 'இனி ஒவ்வொரு பழமும் நசுங்குகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கவும்.'