நூற்றுப் பதினாறு

வாருங்கள், வந்து சாட்சியாய் நில்லுங்கள். ஓர்ட்டுமான்னு என்னும் தீவு ஊரின் மேலத்தெருவில் ஓர் இதயம் நின்றுவிடப் பார்க்கிறது. அதைக் காக்க வந்த ஆம்புலன்ஸோ, ஏறிவர வழியின்றி, நாற்பது படிகளுக்குக் கீழே சதுக்கத்தில் நிற்கிறது.

பக்கீசியோ ஒரு கையால் மார்பையும் மறு கையால் நாற்காலியையும் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது, நூற்றுப் பத்து கிலோ. புனித மர்தீனோ திருநாளின் புது ஒயினும், மூன்று தட்டுப் பன்றிக்குட்டி வறுவலும் உள்ளே இறங்கியிருந்த மதியம் அது.

ஆம்புலன்ஸின் சங்கொலி கேட்டதும் ஊருக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் மேலே வரும்வரை காத்திராமல், நாற்காலியோடு பக்கீசியோவைத் தூக்கிவிட்டது. முன்னால் பிடித்தவர் காபிக் கடை தோரே. பின்னால் பிடித்தவள் பக்கீசியோவின் தங்கை பொனாரியா.

"மெதுவாடா தோரே! என்னை இங்கேயே கொன்னுடாதே!"

"மூணாவது தட்டை நீட்டறப்பவே யோசிச்சிருக்கணும் அண்ணே!"

பன்னிரண்டாவது படியில் பொனாரியா நின்றாள். "கொஞ்சம் இறக்கி வைங்க. என்னால முடியல. ரொம்ப அலுப்பா இருக்கு."

"அண்ணன் உசுருக்குப் போராடறான், இவளுக்கு அலுப்பாம்!" என்று பொரிந்தாள் அடுத்த வீட்டுப் பெப்பினா. "மூணு நாளா இதே பாட்டுதான். காய் உதிர்க்க ஒரு ஆலிவ் மரத்தடியில வலை விரிச்சா போதும், கல்லு மேல போய் உக்காந்துக்கறா."

நவம்பர்க் காற்று எலும்பைத் துளைக்க, பொனாரியாவின் நெற்றியிலிருந்து மட்டும் வியர்வை சொட்டியது.

"ஐயையோ, சர்க்கரை இறங்குது!" என்றார் தோரே. நாற்காலியைப் படியில் சாய்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து இரண்டு சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும் முதல் வகை நீரிழிவு, சிறுவயதிலேயே பிடித்துக்கொள்ளும் அந்த நோய், இந்தத் தீவில் எட்டிப்பார்க்காத தெரு இல்லை. பொனாரியாவை எட்டு வயதில் பிடித்தது. இப்போது அவளுக்கு நாற்பத்தாறு. ஆகவே, வியர்த்தவரைக் கண்டால் சர்க்கரை தேடாத கை ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

பெப்பினா பொனாரியாவின் போனைப் பிடுங்கி, அவள் கையில் ஒட்டியிருந்த சர்க்கரை அளக்கும் வட்டக் கருவியின் மேல் வைத்தாள். "நூத்திப் பதினாறு! தங்கமான நம்பர்டி. எனக்கே இவ்வளவு நல்லா இருக்காது. இவளுக்கு ஒண்ணுமில்ல, தூக்குங்க!"

பொனாரியாவும் எட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவள் வேறெதையும் நம்பியதில்லை. எண் சரியென்றால் ஆளும் சரி. அந்த ஊர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சட்டம் அது. அவள் குனிந்து நாற்காலியை மறுபடி பிடித்தாள்.

மீதிப் படிகளில் இரண்டு முறை நின்றாள். இரண்டு முறையும் ஏச்சு வாங்கினாள்.

கீழே டாக்டரம்மா கைதட்டி அவசரப்படுத்தினார். விடிந்ததிலிருந்து இது ஐந்தாவது அழைப்பு. அவர் கண்களும் பாதி மூடித்தான் கிடந்தன. பக்கீசியோவைப் படுக்கையில் ஏற்றினார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்று பொனாரியாவையும் உள்ளே ஏறச் சொன்னார்கள். ஓரத்து மடக்கு இருக்கையில் அவள் அமர்ந்து, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். கதவு மூடிக்கொண்டது.

சின்னக் கண்ணாடி வழியே டாக்டரின் முதுகு மட்டும் தெரிந்தது. இதயத் துடிப்பை வரையும் இயந்திரம் நீளத் தாள் ஒன்றைக் கக்கியது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

இரண்டாவது தாள் வந்தது.

"ரெண்டாவது தடவை எடுக்கறாங்களே! போச்சு, கை மீறிப் போச்சு," என்று தோரே தொப்பியைக் கழற்றினார்.

பக்கீசியோவின் அலறலும் சட்டென்று நின்றது. பெப்பினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு விசும்பத் தொடங்கினாள். "பாவம், நல்ல மனுஷன். அந்த அலுப்புக்காரி மட்டும் நடுவுல நிறுத்தாம இருந்திருந்தா, அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்திருக்கலாம்!"

கதவு திறந்தது. இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார் டாக்டரம்மா.

"சர்க்கரை அளவைப் பாத்தது யாரு?"

"நான்தான் டாக்டர். நூத்திப் பதினாறு!" பெப்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"சர்க்கரை சரியா இருந்தும் ஏன் வேர்க்குதுன்னு யாராவது கேட்டீங்களா?"

அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியதே இல்லை.

"இத்தனை வருஷம் இந்த நோயோட வாழ்ந்த உடம்புல, சில சமயம் மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்கவே வலிக்காது. வெறும் அலுப்புன்னுதான் சொல்லும்."

திறந்த கதவுக்குள்ளே, படுக்கையில் பக்கீசியோ வாயைப் பிளந்தபடி எழுந்து உட்கார்ந்திருந்தார். நீண்ட ஏப்பம் ஒன்று விட்டார். அவர் மார்பில் ஒரு வயர்கூட இல்லை.

"நின்னு வேடிக்கை பாக்காதீங்க, வந்து கை குடுங்க. அண்ணனை இறக்கிட்டு, தங்கச்சியைப் படுக்க வைங்க!"