கண் திறக்காத கேமரா

"இன்னுமா கண்ணு தெறக்கல?" என்று எட்டிப் பார்த்தாள் நந்தினி.

"நீ வேற கிண்டல் பண்ணாத" என்றான் சுதர்சன்.

அழுகல் வெங்காயத்தைக் கேமரா வழியாகக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க ஓப்பன்சிவி என்ற மென்பொருள் வேண்டும். ஆயுத பூஜையன்று சூடம் காட்டிவிட்டு அதை நிறுவ உட்கார்ந்தவன், பாவம், மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை. முதல் நாள் கம்ப்யூட்டர், பைத்தான் மொழியின் பதிப்பு பழசு என்றது. மறுநாள் ஏதோ கோப்பைக் காணோம் என்றது. இன்று எல்லாம் சரியாகியும் திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது. ஐந்து முறை அழித்து, ஐந்து முறை நிறுவியாயிற்று.

பத்து மணிக்குக் குன்னத்திலிருந்து வெங்காய மண்டி முதலாளி வருகிறார். கேமரா ஓடினால்தான் அவரிடம் வேலை.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா?"

"ஒனக்குப் பைத்தான் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப சும்மா இரு."

முதலாளி வந்தார். சுதர்சன் வெர்ஷன், டிரைவர் என்று வேர்க்க விறுவிறுக்க விளக்கினான். அவரோ குனிந்து கேமராவைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கண்ணு மேலயே பொட்டு வச்சா அதுக்கு என்ன தெரியும்?"

நந்தினி முந்தானையால் துடைத்தாள். சந்தனமும் குங்குமமும் போனதும், கேமரா முன் கிடந்த அழுகல் வெங்காயங்களைச் சுற்றித் திரையில் கட்டங்கள் விழுந்தன.

"இவ்வளவு கச்சிதமா நடுவுல வச்சது யாரு?" என்று சிரித்தார் முதலாளி.

சுதர்சன் மனைவியை முறைத்தான்.

"என்னை ஏன் மொறைக்கிறீங்க? 'ஒனக்கு நேரா வைக்கத் தெரியல'ன்னு சந்தனக் கிண்ணத்தப் புடுங்குனது நீங்கதான?"

"வேலை ஒனக்குத்தாம்ப்பா" என்றார் முதலாளி. "வர்றப்ப வூட்டுக்காரியையும் கூட்டிட்டு வா. கம்ப்யூட்டர் வெங்காயத்தப் பாக்கட்டும். ஒன்னயப் பாக்க ஒரு ஆளு வேணும்ல?"