கரண்ட் போன நேர்காணல்

"ரெண்டு வருஷமா எங்கேயும் வேலை பார்க்கலையே, ஏன்?"

ரூலா கறாராகக் கேட்டாள். பெய்ரூட்டில் சீஸ் விற்கும் அந்த நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு அவளுக்குப் புதிது.

எதிரே ஹனாதி. குளிர்கிடங்கு மேற்பார்வை வேலைக்கு வந்திருந்தாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை. கூடவே இருக்க வேண்டியதாப் போச்சு."

"இப்ப குணமாயிட்டாரா? மறுபடி லீவுன்னு வந்து நிக்க மாட்டீங்களே?"

"இல்லை... அவர் இப்ப..."

ஹனாதிக்கு உதடு துடித்தது. கண் நிரம்பிவிட்டது. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இங்கே அழுதுவைத்தால் யார் வேலை கொடுப்பார்கள்?

பட்டென்று விளக்கு அணைந்தது. ஜன்னல் இல்லாத அறை. கும்மிருட்டு.

"போச்சுடா!"

மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கிடங்கு மேலாளர் தௌஃபீக்கின் குரல். அதுவரை மனுஷர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நம்ம ஊர் கரண்டுக்கு என்னைக்கு சொல்லிட்டுப் போற பழக்கம் இருந்திருக்கு?"

ரூலா கைபேசியைத் துழாவினாள். "டார்ச் போடறேன், உஸ்தாத்." மரியாதைக்கு அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சார்ஜை வீணாக்காதே கண்ணு. ஜெனரேட்டர்காரன் காபி குடிச்சிட்டு வந்து போடுவான்."

அதோடு விட்டாரா? தன் தெரு ஜெனரேட்டர்காரன் கல்யாணத்தன்று கரண்ட் போக, ஊரே அவனைத் திட்ட, மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக ஓடிப்போய் மெஷினோடு மல்லுக்கட்டிய கதையை ஆற அமர அவிழ்த்துவிட்டார். ரூலா பல்லைக் கடித்தாள்.

இருட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் சின்னச் சிரிப்பு.

"சரி மேடம், கிடங்குல இப்படிக் கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?" தௌஃபீக் ஹனாதியைக் கேட்டார்.

"முதல்ல, யாரும் கதவைத் திறக்காதீங்கன்னு கத்துவேன். என்ன ஆச்சுன்னு ஆளாளுக்குத் திறந்து பார்ப்பாங்க. அதுலயே பாதிக் குளிர் போயிடும்." குரலில் நடுக்கம் குறைந்திருந்தது. "ஜெனரேட்டரும் வரலைன்னா, சீக்கிரம் கெடுற சரக்கை முதல்ல குளிர்சாதன வண்டிக்கு மாத்துவேன். அந்த வண்டி எங்கே நிக்குதுன்னு தினமும் காலையிலேயே கேட்டு வச்சிருப்பேன்."

விளக்கு வந்தது. ஹனாதி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவர் தவறிட்டாரும்மா," என்றாள் ரூலாவைப் பார்த்து. "இனிமே லீவு கேக்க மாட்டேன்."

ரூலா அவள் விண்ணப்பத்தை மூடிவைத்தாள்.

ஹனாதி வெளியே போனதும் ரூலா எரிச்சலைத் தௌஃபீக் மேல் காட்டினாள். "இன்டர்வியூவா இது, அரட்டைக் கச்சேரியா உஸ்தாத்?"

"அந்தம்மாவை எடுத்துக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிடு."

ரூலா விறுவிறுவென்று வெளியே வந்தாள். வரவேற்பு மேசையில் வஃபா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெனரேட்டர் போட இன்னைக்கு ஏன் இவ்வளவு நேரம்?"

"ஜெனரேட்டரா? காலையிலேருந்து கரண்ட் போகவே இல்லையே! அதிசயம்னு எல்லாரும் பேசிக்கிட்டிருக்கோம்."

ரூலா அறைக்குள் திரும்பிப் பார்த்தாள். சாய்ந்து உட்கார்ந்திருந்த தௌஃபீக்கின் தோளுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்தே கைக்கெட்டும் இடத்தில் விளக்கு ஸ்விட்ச்.

தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. பிறகு மெல்ல உள்ளே வந்தாள்.

"உஸ்தாத், அடுத்த ஆளுக்கு... நான் உங்க நாற்காலியில உக்காரட்டுமா?"